4440-ஐ 37-ஆல் வகுத்தால்

கன்னியாகுமரியில் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவனிடம் எல்லோரும் ஒரே வரிசையில்தான் கேட்பார்கள். சூரியோதயம் எத்தனை மணிக்கு, விவேகானந்தர் பாறைக்குப் படகு எப்போது, சுடுதண்ணீர் வருமா, ரூமிலிருந்து கடல் தெரியுமா. சாவியை வாங்கி, பையை மேலே அனுப்பி, கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு அடுத்தது வரும்: "இங்கதான மூணு கடலும் சேருது?"

ஆமாம் என்பேன். அதோடு விட மாட்டேன். "அது கிடக்கட்டும் சார், இந்தக் கரைக்குத் தெக்க குமரிக்கண்டம்னு ஒரு கண்டமே இருந்துது, தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். பஃறுளி ஆறு, குமரிக்கோடு, நாற்பத்தொன்பது நாடுகள், முதல் இரண்டு சங்கமும் நடந்த தென்மதுரை, கபாடபுரம். ஒரு பக்கம் மடகாஸ்கர், மறுபக்கம் ஆஸ்திரேலியா. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். சேலத்துக்காரர் ஒருவர் ரூமைக் காலி செய்யும்போது கை கொடுத்து, "பாறையவிட உங்க கதைதாங்க பிரமாதம்" என்றார். அவர் கதை என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அதைச் சொல்வதில்லை. நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. வாயை மூடிக்கொண்டால் போதும். மனசு ஒத்துக்கொள்வதுதான் பெரிய பாடு. அந்தப் பாட்டைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

கொட்டாரத்தில் படிக்கும்போது எங்கள் தமிழ் சார் கரும்பலகையில் இந்தியாவின் தென்முனையை வரைவார். வரைந்த கையை எடுக்காமல் சாக்பீஸை அப்படியே கீழே இழுப்பார். கோடு இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து பலகையின் அடிச்சட்டம் வரை போகும். அப்புறம் திரும்பி நின்று, ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று தாளம் தட்டிச் சொல்வார். நாங்கள் கூடவே சொல்ல வேண்டும். "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்ற சிலப்பதிகார வரிக்கு வரும்போது குரல் தழுதழுக்கும். பஃறுளி வேறெங்கும் இல்லை, பெருஞ்சாணி அணையில் நிற்கிறதே நம் பறளியாறு, அதன் மிச்சம்தான் என்பார். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரே சங்க காலத்துத் தண்ணீர் என்று கேட்டால் எந்தப் பையனுக்குத்தான் நெஞ்சு நிமிராது?

சாருடைய வயசுக்காரர்களுக்கு இது ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் நாங்கள் திருவிதாங்கூரின் தெற்கு மூலை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணி தலைமையில் போராடி, உயிரும் கொடுத்து வந்து சேர்ந்தவர்கள். வந்து சேர்ந்த பிறகும் மெட்ராஸ்காரனுக்கு நாங்கள் வரைபடத்தின் கடைசி மாவட்டம், பேச்சில் மலையாள வாடை அடிக்கிறவர்கள். குமரிக்கண்டத்தை அந்த வரைபடத்தோடு ஒட்டினால் எல்லாம் தலைகீழாகிறது. நாங்கள் கடைசி இல்லை, வடக்கு வாசல். தமிழ் எங்கள் ஊர் வழியாகத்தான் மதுரைக்கே போயிருக்கிறது. இதை விட்டுக்கொடு என்று ஒருவன் கேட்டால் அவன் புவியியல் மட்டுமா கேட்கிறான்?

எல்லா நம்பிக்கையும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. மூன்று கடல் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல்களின் எல்லைகளைக் குறிக்கும் சர்வதேச அமைப்பு 1953-இல் வெளியிட்ட பட்டியலின்படி வங்காள விரிகுடாவின் எல்லை ஆதாம் பாலத்தோடும் இலங்கையின் தென்முனையோடும் முடிந்துவிடுகிறது. நம் முக்கடல் சங்கமம் முழுக்க லட்சத்தீவுக் கடலுக்குள் கிடக்கிறது. இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன், அவ்வளவுதான். அம்மா சொன்ன மணல் கதையும் அப்படித்தான். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை புறப்பட்டு வருகையில் நாரதர் சேவலாகக் கூவிவிட, முகூர்த்தம் தப்பிப் போனது. தேவி கோபத்தில் கல்யாண அரிசியையும் பருப்பையும் வீசினாள். அவைதான் கரையில் பல நிற மணலாகக் கிடக்கின்றன. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், மணவாளக்குறிச்சியில் இதைப் பிரித்தெடுக்கவே ஆலை நடக்கிறது என்று தெரிந்த பிறகும் எனக்கும் தேவிக்கும் ஒரு சண்டையும் இல்லை. அம்மா அதைக் கதையாகத்தான் கொடுத்தாள். கதையாகவே வைத்துக்கொண்டேன்.

குமரிக்கண்டத்தை சார் கதையாகக் கொடுக்கவில்லை. "வெள்ளைக்கார விஞ்ஞானியே சொல்லிட்டான், லெமூரியா" என்று சொல்லித்தான் கொடுத்தார். சிக்கல் அங்கே ஆரம்பம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அப்படி ஒரு நிலத்தை ஊகித்தார். மடகாஸ்கரில் லெமூர்கள் என்ற குரங்கு மாதிரிப் பிராணிகள் திரிகின்றன, அந்த இனத்துக்குச் சொந்தக்காரர்கள் இந்தியாவிலும் உண்டு. நடுவில் இவ்வளவு பெரிய கடல். முன்பு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று நினைத்தார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான ஊகம்தான். 1912-இல் ஆல்ஃபிரட் வெகனர், நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே நகர்கின்றன என்றார். யாரும் நம்பவில்லை. 1960-களில் கடலடியை அளந்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக் கிடந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நடுவில் மூழ்குவதற்குக் கண்டம் எதுவும் தேவைப்படவில்லை. லெமூரியாவைப் புவியியல் அப்போதே கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்து, பள்ளிக்கூடம் போய், அதே லெமூரியாவை அறிவியல் என்று படித்தேன். அறிவியல் தன் பேச்சை மாற்றிக்கொண்ட சேதி கொட்டாரத்துக்கு வந்து சேரவே இல்லை.

இதை எனக்குச் சொன்னவள் தங்கச்சி மகள். எம்.எஸ்சி. புவியியல் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், நான் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் குமரிக்கண்டம் விளக்கிக்கொண்டிருந்ததை ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து கேட்டாள். அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை. அவர்கள் லிஃப்டுக்குள் போன பிறகு, "மாமா, கோவப்படாம ஒண்ணு கேப்பீங்களா?" என்றாள்.

கோபப்பட்டேன். "மூணு வருஷம் படிச்சிட்டு மூவாயிரம் வருஷத்தப் பேச வந்துட்டியா மக்ளே" என்றேன். அவள் சிரித்தாள். சண்டைக்கு நின்றிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் செய்ததை இப்போது தள்ளி நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒரு ரூமில் இருக்க முடியாது என்று சொன்னால் மூட்டை முடிச்சோடு அடுத்த ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிற விருந்தாளியாக இருந்தேன். கண்டம் அப்படி மூழ்காது, கண்டத்துப் பாறை லேசானது, கடலடிப் பாறை கனமானது, நடுக்கடலில் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழம் இருக்கிறது என்று அவள் சொன்னால், நான் சுனாமிக்குப் போவேன். 2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் இந்த ஊரில்தான் இருந்தோம். கடல் உள்வாங்கி, பார்த்தே இராத பாறையெல்லாம் வெளியே தெரிந்தது. விவேகானந்தர் பாறைக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மணக்குடிப் பாலம் பிய்ந்து போயிற்று. குளச்சலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். கபாடபுரம் இப்படித்தான் போயிருக்கும் என்று அன்று சாயங்காலமே ஊரில் பேசிக்கொண்டோம். "கண்ணால பாத்தவன்கிட்ட வந்து சொல்லுதியா?" என்றேன். "தண்ணி திரும்பிப் போயிட்டுல்லா மாமா? நிலம் அங்கதான இருக்கு?" என்றாள். கோபத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த ரூம், மொரீஷியஸ். 2013-இல் மொரீஷியஸ் அருகே மூழ்கிய கண்டம் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வந்ததே, வாட்ஸ்அப்பில் குமரிக்கண்டம் நிரூபணம் என்று சுற்றியதே, அது. அதை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். போனில் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் தலைப்பைத் தாண்டி முழுக்கப் படித்தாள். நான் தலைப்போடு நிறுத்தியவன். மொரீஷியஸ் எரிமலைத் தீவு, வயது ஒரு கோடி ஆண்டுக்கும் குறைவு. ஆனால் அதன் கடற்கரை மணலில் கிடைத்த ஜிர்கான் என்ற தாதுத் துகள்களுக்கு வயது 66 கோடியிலிருந்து 197 கோடி ஆண்டுகள் வரை. ஆகவே தீவுக்கு அடியில் பழைய கண்டத் துண்டு ஒன்று கிடக்கிறது. சரி, கண்டம்தானே என்றேன். "கண்டம்தான். ஆனா அது உடைஞ்சு மூழ்குனது டைனோசர் காலத்துல ஆரம்பிச்ச விவகாரம். மனுஷன் வந்து மூணு லட்சம் வருஷம்தான் ஆகுது. சங்கம் யாரு வச்சிருப்பா?"

அவளே மனசிரங்கி அடுத்த ரூமையும் திறந்துவிட்டாள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்ததாம். அப்போது குமரிக்குத் தெற்கே கொஞ்சத் தூரம் நிலம் இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கிட்டத்தட்ட இன்றைய மட்டத்துக்கு வந்துவிட்டது.

"பாத்தியா, சார் சொன்னது சரிதான்!" என்று நான் குதித்ததை அவள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

இந்த ரூமில்தான் அதிக நாள் தங்கினேன். இது பொய் ரூம் இல்லை என்பதுதான் காரணம். நிலம் மூழ்கியது உண்மை. அந்த உண்மையின் முதுகில் நாற்பத்தொன்பது நாட்டையும் ஏற்றிவிடலாம் என்று பார்த்தேன். அவள் போனில் கடலடி வரைபடத்தைக் காட்டினாள். குமரிக்குக் கீழே வெளிர் நீலத்தில் சின்ன நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டினால் ஒரே கறுநீலம். சின்னமுட்டத்துப் படகுக்காரர் ஒருவரிடம் கேட்டேன். வாட்ஜ் பேங்க் என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, இந்தியாவுக்கே உரியது என்று 1976 ஒப்பந்தத்தில் ஒத்துக்கொள்ளப்பட்ட மீன் வளமுள்ள மேடு, அங்கே தொழிலுக்குப் போகிறவர். படகில் ஆழம் காட்டும் கருவி இருக்கிறது. பாகம் என்றால் ஆறடி, பார் என்றால் கடலடிப் பாறை. "இருபத்தஞ்சு பாகம், முப்பது பாகம்னு காட்டிக்கிட்டே வரும். பார் வந்தா ஏறும். மேட்ட விட்டு வெளிய போயிட்டா நம்பரு ஓடுற ஓட்டத்தப் பாக்கணும்" என்றார். பாண்டியன் நாடெல்லாம் அங்கேதானே என்றேன். "எங்களுக்கு அங்க மீன் இருந்தாப் போதும் அண்ணாச்சி" என்றார்.

அந்த நாக்குக்குள் எழுநூறு காவதம் அடங்காது. பஃறுளிக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதம் என்று எழுதியவர் அடியார்க்கு நல்லார், சிலப்பதிகாரத்துக்கு உரை சொன்னவர். காவதம் பத்து மைல் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அப்படியானால் 7,000 மைல். ரிசப்ஷன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே 7,000 மைல் போனால் தென்துருவத்தையும் தாண்டிவிடும்.

ஆனால் என்னை உட்கார வைத்தது இதுவும் இல்லை. மூன்று சங்கங்களின் கணக்கு. இறையனார் களவியல் உரையில் வருவது: முதற்சங்கம் 4440 ஆண்டுகள், இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. சேர்த்தால் 9990. இதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓர் இரவு, வாடகை ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கோ வாசித்தேன் என்று சொல்லி அவள், "மாமா, அந்த மூணு நம்பரையும் 37-ஆல வகுத்துப் பாருங்க" என்றாள்.

120. 100. 50.

மீதி ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை வகுத்தேன். பில் போடுகிறவனுக்கு இந்த வாசனை உடனே பிடிபடும். உண்மையாக நடந்த செலவு அப்படி வந்து உட்காராது. யாரோ உட்கார்ந்து போட்ட கணக்குத்தான் அப்படி வரும். புவியியலாளர்கள் எவ்வளவு சொல்லியும் இறங்காதது, என் சொந்தத் தொழிலின் அறிவு சொன்னபோது இறங்கியது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. கூச்சம். வடக்கேயிருந்து வருகிறவர்கள் ராமேசுவரம் பார்த்துவிட்டு இங்கே வந்து, ராமர் கட்டிய பாலத்தைப் பார்த்தோம் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். மணல் திட்டும் சுண்ணாம்புப் பாறையும்தானே, கடல் சேர்த்து வைத்தது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அவர்களுக்கு சாவி எடுத்துக் கொடுப்பேன். கொடுத்த கையோடு அடுத்த டேபிளுக்குக் குமரிக்கண்டம் சொல்வேன்.

டீக்கடையில் இதைப் பேச முடியாது. ஒருமுறை மெதுவாக எடுத்துப் பார்த்தேன். "உனக்கு எவன் துட்டு குடுத்தான்?" என்றார் ஒருவர். அவர் ரப்பர் வியாபாரி. தமிழுக்காக ஜெயிலுக்குப் போன குடும்பம். இன்னொருத்தர், "மத்தவன் புராணத்த எல்லாம் விட்டுட்டு நம்மளத்தான் நோண்டணுமா?" என்றார். இந்த இரண்டாவது கேள்வி எனக்கும் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எல்லோரும் தங்கள் பெருமையைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் நம்முடையதைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமா? மருமகளிடம் கேட்டேன். "பெருமைக்குக் கீழடி இருக்குல்ல மாமா" என்றாள். போன பொங்கல் லீவில் எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். பானை ஓட்டில் 'குவிரன் ஆதன்' என்று கீறியிருக்கிறது. தன் பானையை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று எழுதி வைத்த ஆளாக இருக்கும். லாட்ஜில் பிளாஸ்க்கு மேல் ரூம் நம்பர் எழுதுகிறவனுக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் இருக்குமா?

சாரை எப்படிப் பார்ப்பது என்பதுதான் மிச்சம். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் பஸ் பிடித்து வந்து, கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு, என் ரிசப்ஷனில் டீ குடிப்பார். "வாறவங்களுக்கு எல்லாம் சொல்லுகியாடே?" என்று கேட்பார். இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் 37 விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாதிக் கண்ணாடி டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"நக்கீரர் பொய் சொன்னாருங்கியா?"

சங்கக் கணக்கு வருகிற அந்தக் களவியல் உரையை நக்கீரர் பெயரில்தான் சொல்வார்கள். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று சிவனிடமே நின்ற நக்கீரரை வகுப்பில் நடித்துக் காட்டியவர் இவர்தான். மேல் துண்டை இழுத்துச் செருகிக்கொண்டு நடிப்பார். அது என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "கேள்விப்பட்டத எழுதியிருப்பாரு சார்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். 2013 செய்தி. மொரீஷியஸ், மூழ்கிய கண்டம். வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. பரீட்சைத் தாள் திருத்துகிற அதே கோடு.

"இதுக்கு என்ன சொல்லுக?"

"படிச்சிட்டுச் சொல்லுகேன் சார்" என்றேன். தாள் மேஜை டிராயரில் இருக்கிறது. மருமகளுக்கு போன் போட்டு, ஜிர்கானை எண்பது வயசுத் தமிழாசிரியருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். மணவாளக்குறிச்சி மணலிலேயே ஜிர்கான் இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள் மாமா என்கிறாள். அவள் சொல்வாள். வரும் ஞாயிறு அவர் முன்னால் உட்காரப்போவது நான். டீயை முழுக்கக் குடித்து முடிக்கட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.